தீபாவளிக்கு முன் ஒரு ஏரி, தீபாவளிக்குப் பின் வேறொரு ஏரி

அக்டோபர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெரும்பாக்கத்துச் சதுப்பில் காலை நடையை முடித்துவிட்டு இ-பேர்ட் என்ற இணையப் பறவைப் பதிவுத் தளத்தில் "கிளுவை 37" என்று பதிவு செய்தேன். கிளுவை ஒரு சின்ன வலசை வாத்து. மறுநாள் இரவு ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கள் பகுதிப் பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர் எழுதியிருந்தார். இந்த மாதத்தில் இத்தனை கிளுவை இங்கே வழக்கமில்லை, படம் இருந்தால் இணைக்க முடியுமா, அதைப் போலவே தெரியும் இன்னொரு வாத்தான நீலச்சிறகியாக இருக்குமோ என்று மரியாதையாக மூன்று வரி.

எனக்குச் சுருக்கென்றது. பல வருஷமாக வாத்து பார்க்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? உடனே காரமாக ஒரு பதில் தட்டினேன். நல்லவேளை, அனுப்பவில்லை. அன்று எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். அரைமணி நேரத்தில் அந்தப் பதிலை அழித்துவிட்டேன்.

அந்த 37 எப்படித் தப்பானது, அதற்கு அப்புறம் நாங்கள் ஏரிகளைப் பதிவு செய்யும் முறையில் என்ன மாறியது என்பதுதான் இந்த ஆய்வு.

இடம்

தென் சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைத் தெரியாதவர்கள் குறைவு. துரைப்பாக்கத்திலிருந்து பல்லாவரம் போகும் 200 அடிச் சாலை அதைக் கிழித்துக்கொண்டு போகிறது. ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு. சுற்றியுள்ள எத்தனையோ ஏரிகளின் உபரி நீர் இங்கே வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளத்துக் கழிமுகத்தில் கடலைத் தொடுகிறது. 2007இல் இதில் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் 1,247.54 ஹெக்டேர் பரப்பு, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

நான் சொல்லப்போவது அந்தப் பெரிய சதுப்பைப் பற்றி அல்ல. அதன் தெற்கு ஓரத்தில் மேடவாக்கம் - சோழிங்கநல்லூர் சாலையை ஒட்டிக் கிடக்கும் பெரும்பாக்கம், அதற்கு அப்பால் சித்தாலப்பாக்கம், அரசன்கழனி ஏரிகள். மூன்றும் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் போய் வரும் தூரம். வேலைக்குப் போவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் கிடைத்தால் போதும். உள்ளூர் ஏரியின் ஒரே பெரிய வசதி இதுதான். வேடந்தாங்கலுக்கு வருஷத்துக்கு இரண்டு முறை போகலாம், இங்கே வாரத்துக்கு இரண்டு முறை போகலாம்.

எந்தப் பருவம்

வடக்கே இதை இலையுதிர்கால வலசை என்பார்கள். நம் ஊரில் அந்தப் பெயர் ஒட்டாது, இங்கே மரங்கள் இலை உதிர்ப்பது மாசி, பங்குனியில். நம் பழைய கணக்கில் ஆவணியும் புரட்டாசியும் கார்காலம், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். வடக்கே இலை பழுக்கும்போது இங்கே மழைக்கு வானம் கறுக்கிறது. அந்த இரண்டு பருவத்துக்குள்தான் வலசைப் பறவைகளின் தெற்கு நோக்கிய பயணம் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

முதல் ஆள் ஆடி முடிவதற்குள்ளேயே வந்துவிடும். ஆகஸ்டில் மின்கம்பியில் தகைவிலான் உட்கார்ந்திருக்கும், சேற்றோரத்தில் குச்சிக்கால் கரைப்பறவையான பொரி உள்ளான் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். செப்டம்பரில் கொசு உள்ளான், பேதை உள்ளான், கருவால் மூக்கன், கூடவே மஞ்சள் வாலாட்டி. மாதக் கடைசியில் நீலச்சிறகி. அக்டோபரில் புதருக்குள் பிளித் நாணல் கதிர்க்குருவி 'டக்… டக்' என்று நாக்கைச் சுண்டுவது போலச் சத்தம் கொடுக்கும், முள்மரத்து உச்சியில் பழுப்புக் கீச்சான் சிடுசிடுப்பாக உட்கார்ந்திருக்கும், சேற்றுப் பூனைப்பருந்து கோரைக்கு மேலே தாழ்வாக மிதக்கும். தட்டைவாயன், ஊசிவால் வாத்து போன்றவை பெரிய எண்ணிக்கையில் வருவது பெரும்பாலும் நவம்பருக்கு மேல்தான்.

ஆனால் நாம் எப்போது எண்ணுகிறோம்? ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் நடக்கிறது, ஜனவரியில். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல் நடக்கிறது, அதுவும் பெயரிலேயே தை மாதம். வனத்துறையின் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் குளிர்காலத்தில்தான். காரணம் நியாயமானது. ஜனவரியில் பறவைகள் ஓரிடத்தில் தங்கிவிடுகின்றன, ஏரியில் நீர் இருக்கிறது, மழை இல்லை, எண்ணுவது எளிது, வருஷத்துக்கு வருஷம் ஒப்பிடலாம். அக்டோபரில் உலகம் முழுக்க ஒரே நாளில் எண்ணும் 'அக்டோபர் பிக் டே' என்று ஒன்று 2018இல் தொடங்கியது. அது ஒரு நாள் திருவிழா. மற்ற நாட்களில் ஏரிக்குப் போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், போகிறவர்களும் மழையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறோம்.

இதன் விளைவு ஒன்று உண்டு. நம் கண்ணும் ஜனவரிக்குப் பழகிவிடுகிறது. நான் சறுக்கியது அங்கேதான்.

அந்த 37

அன்று காலை ஏழு மணி. நான் சாலையோரம் நின்றுகொண்டு கிழக்கே பார்க்கிறேன். வெயில் முகத்தில். நீர் தகதகவென்று மின்னுகிறது, அதில் சின்னச் சின்னதாகக் கறுப்பு உருவங்கள். சின்ன வாத்து, பழுப்பு உடம்பு, கூட்டம். போன ஜனவரியில் இதே இடத்தில் கிளுவை பார்த்திருந்தேன். மூளை அந்தப் படத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டது, கண் எதையும் சரிபார்க்கவில்லை. எண்ணினேன், எழுதினேன்.

ஜனவரி, பிப்ரவரியில் ஆண் கிளுவையை யாரும் தவறவிட மாட்டார்கள். கஷ்கொட்டை நிறத் தலை, கண்ணைச் சுற்றிப் பச்சைப் பட்டை. அக்டோபரில் அந்த உதவி கிடையாது. இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண் வாத்துகள் பளபளப்பான இறகுகளை உதிர்த்துவிட்டுப் பெட்டையைப் போல மங்கலான உடைக்கு மாறிவிடும். பறக்கும் சிறகுகளும் ஒட்டுமொத்தமாக உதிர்வதால் சில வாரங்கள் பறக்கவே முடியாது, அந்த நேரத்தில் கண்ணில் படாமல் இருப்பதற்கான உடை அது. மற்ற வாத்துகள் பனிக்காலம் நெருங்க நெருங்கப் பழைய அழகுக்குத் திரும்பிவிடும். நீலச்சிறகி மட்டும் சோம்பேறி. மங்கல் உடையை ஜனவரி தாண்டியும்கூடப் போட்டுக்கொண்டிருக்கும். ஆகவே ஐப்பசியில் நம் ஏரிக்கு வரும் நீலச்சிறகிக் கூட்டம் முழுக்கப் பெட்டைகள் போலத்தான் தெரியும்.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது? முகத்தை. நீலச்சிறகிக்கு முகம் முழுக்கக் கோடு. கண்ணுக்கு மேலே வெளிறிய புருவம், கண் வழியாக ஒரு கருங்கோடு, அதற்குக் கீழே கன்னத்தில் இன்னொரு கருங்கோடு, அலகு தொடங்கும் இடத்தில் ஒரு வெளிர்ப்புள்ளி. கிளுவையின் முகம் கிட்டத்தட்ட வெறுமை. கண்ணருகே ஒரு மெல்லிய கோடு இருக்கும், அவ்வளவுதான். அதன் அடையாளம் பின்பக்கத்தில், வாலின் பக்கவாட்டில் ஒரு வெளிர்க் கீற்று. அலகும் நீலச்சிறகிக்குச் சற்று நீளம்.

வெயில் எதிரே இருந்ததால் என் படங்களில் முகம் ஒன்றும் தெரியவில்லை. காப்பாற்றியது சேற்றுப் பூனைப்பருந்து. நான் நின்றிருந்தபோது அது ஒரு முறை தாழப் பறந்தது, வாத்துக் கூட்டம் மொத்தமும் எழும்பி என் தலைக்கு மேலே ஒரு வட்டம் போட்டுத் திரும்ப இறங்கியது. அப்போது கை தானாக நாலைந்து படம் எடுத்திருக்கிறது. ஒன்று மட்டும் ஓரளவு தெளிவு. அதில் மூன்று பறவைகளின் முன்சிறகு சாம்பல் கலந்த வெளிர் நீலம். மங்கல் உடையில்கூட ஆண் நீலச்சிறகி அந்த நிறத்தை இழப்பதில்லை, பெயரே அதனால்தான். அந்தக் கூட்டத்தில் கிளுவை ஒன்றுகூட இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது. இருந்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரமும் இல்லை. பதிவைத் திருத்தினேன். இனம் உறுதியாகத் தெரியாதபோது பொதுப் பெயரில் பதியும் வசதி இருக்கிறது. தெளிவாகத் தெரிந்த மூன்றை நீலச்சிறகி என்றும், மீதி 34ஐ அந்தப் பொதுப் பெயரிலும் போட்டேன்.

இதற்கு இவ்வளவு அலட்டல் தேவையா என்று வீட்டிலேயே கேட்டார்கள். 2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது. 30,000க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் இ-பேர்டில் போட்ட 3 கோடிப் பதிவுகள் அதற்கு அடிப்படை. எண்ணிக்கை குறைந்துவருவதாக அந்த அறிக்கை சொன்ன இனங்களில் கிளுவை ஒன்று, ஊசிவால் வாத்தும் ஒன்று. குறைந்துவருவதாகச் சந்தேகிக்கப்படும் ஒரு வாத்தை, அது இல்லாத இடத்தில் 37 என்று எழுதிவைப்பது சின்ன விஷயமில்லை. சரிபார்க்கும் அந்தத் தன்னார்வலருக்கு இதற்குச் சம்பளமும் கிடையாது. மாவட்டத்துக்கு மாவட்டம், மாதத்துக்கு மாதம், இந்தப் பறவை இந்த எண்ணிக்கைக்கு மேல் வந்தால் கேள் என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. என் 37 அதில் மாட்டியிருக்கிறது, அவர் வேலையைச் செய்திருக்கிறார்.

இரண்டு ஏரி, ஒரே கூழைக்கடா

அந்த மின்னஞ்சலுக்குப் பிறகு பழைய பட்டியல்களையும் சந்தேகத்தோடு புரட்டினேன். அடுத்த ஓட்டை வேறு ரகம். பெரும்பாக்கத்தை ஆறரைக்கும், சித்தாலப்பாக்கத்தை ஏழரைக்கும் பார்ப்பது என் வழக்கம். இரண்டிலும் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, நாமக்கோழி. நாமக்கோழி பரவாயில்லை, நடுவில் கிடக்கும். கூழைக்கடா அப்படியில்லை. காலையில் ஒரு ஏரியில் ஜிலேபிக் கெண்டையைக் கூட்டமாக வளைத்துப் பிடித்துத் தின்றுவிட்டு, வெயில் ஏறியதும் அடுத்த ஏரிக்கு அனல்காற்றில் வட்டமிட்டுக்கொண்டே போய்விடும். நான் அதன் பின்னாலேயே ஸ்கூட்டரில் போய் இரண்டாம் முறையும் எண்ணியிருக்கிறேன்.

இதற்கு ஒரு துணை தேவைப்பட்டது. வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற அக்கா ஒருவர், சித்தாலப்பாக்கத்தில் வீடு, மாடியிலிருந்தே பாதி ஏரி தெரியும். சரி, நான் இங்கே, நீங்கள் அங்கே, ஒரே நேரத்தில் எண்ணுவோம் என்று ஏற்பாடு. முதல் வாரமே போன் வந்தது.

"தம்பி, உன் பக்கம் கூழைக்கடா எத்தனை போட்டிருக்கே?"

"இன்னும் எழுதலக்கா. ஏன்?"

"என் பக்கத்துல எண்ணி முடிச்சேன், மொத்தமும் கெளம்பி உன் பக்கம்தான் வருது. அதை நீ எழுதிடாதே, அது என் கணக்கு."

வங்கிக்காரர் கணக்கு, ஒரு ரூபாயும் இரண்டு புத்தகத்தில் ஏறாது. அன்றிலிருந்து ஒரு விதி வைத்தோம். நீரில் இருப்பதும் கரையில் இருப்பதும் எண்ணிக்கை. மேலே கடந்து போவதற்குத் தனிக் குறிப்பு, எந்தத் திசையில், எத்தனை மணிக்கு என்று. கேட்பதற்கு அற்பமாக இருக்கும். ஆனால் பறவைகள் இந்த மூன்று ஏரியையும் ஒரே ஏரியாகத்தான் பயன்படுத்துகின்றன என்பது அந்த நேரக் குறிப்பிலிருந்துதான் எங்களுக்குப் புரிந்தது.

மாட்டுக்காரர் கொடுத்த அளவுகோல்

சென்னையில் வருஷத்துக்கு ஏறத்தாழ 140 செ.மீ. மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான தேதி அக்டோபர் 20ஐ ஒட்டி. அதற்கு முந்தைய வாரங்களில் ஏரி கோடையெல்லாம் சுண்டி, தென்மேற்குப் பருவத்து மாலை மழைகளில் கொஞ்சம் நனைந்து, சேறும் சகதியுமாக விரிந்து கிடக்கும். பார்ப்பதற்கு அசிங்கம். வலசை வரும் உள்ளான்களுக்கு அதுதான் விருந்து. கொசு உள்ளான் மொத்தமே நம் சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் சின்னது, ஆர்க்டிக் துந்திரத்தில் பிறந்தது. அதன் காலுக்கு ஒன்றிரண்டு அங்குல நீரே ஆழம். பொரி உள்ளானுக்கு இன்னும் சற்று. கருவால் மூக்கனுக்கு வயிறு நனையும் மட்டும். ஒரே சேற்றில் விரற்கடை விரற்கடையாக உயரம் பிரித்து அவை மேயும்.

பிறகு ஒரே இரவில் மழை பெய்யும். சேறு போய்விடும்.

என் பழைய பட்டியல்களில் இது தெரியவே தெரியாது. அக்டோபர் முதல் வாரம் பொரி உள்ளான் நிறைய, நவம்பர் முதல் வாரம் பூஜ்யம். வெறும் எண்ணை மட்டும் பார்க்கிறவருக்கு என்ன தோன்றும்? பறவை குறைந்துவிட்டது, தொந்தரவு அதிகம், பட்டாசுச் சத்தம், ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். நானே தீபாவளியைக் குறை சொல்லி ஒரு வருஷம் வாட்ஸ்அப் குழுவில் நீளமாக எழுதியிருக்கிறேன். பட்டாசுக்குப் பறவை மிரளாது என்று சொல்லவில்லை, ஆனால் அந்த வருஷம் பண்டிகைக்கு முந்தைய நாளே ஏரி நிரம்பிவிட்டது. அதை நான் குறித்துவைக்கவில்லை.

இதைத் தெளியவைத்தவர் கரையில் எருமை மேய்க்கும் பெரியவர். தினமும் பார்க்கிறார், நான் நோட்டில் என்ன எழுதுகிறேன் என்று ஒருநாள் விசாரித்தார். குச்சிக்கால் பறவையெல்லாம் திடீரென்று காணோமே என்றேன்.

"மதகுப் படியப் பாத்தியா சார்? மூணாம் படி முழுகிடுச்சுன்னா அதுங்க நிக்காது. போயிடும். அப்பால தண்ணி எறங்கச் சொல்லோ தான் வரும்."

"எங்க போகுதுங்க ஐயா?"

"அது எனக்கு இன்னா தெரியும். மாடு மேடு தேடுது, அதுவும் தேடும்."

அன்று முதல் ஒவ்வொரு பட்டியலிலும் குறிப்புப் பகுதியில் முதல் வரி: மதகில் எத்தனை படி தெரிகிறது. இரண்டாவது வரி: சேறு தெரியும் கரை, கண் மதிப்பில், பாதியா, கால்வாசியா, இல்லையா. மூன்றாவது: முந்தைய இரண்டு நாளில் மழை உண்டா. மொத்தம் அரை நிமிஷ வேலை. ஒரு பருவம் முழுக்க இதை எழுதியபின் பட்டியலைத் திரும்பப் படித்தால், உள்ளான்கள் மறைந்த வாரமும் மூன்றாம் படி மறைந்த வாரமும் ஒன்றாகவே இருந்தன. பெரியவருக்கு நான் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

மேடு தேடிப் போன உள்ளான்களில் கொஞ்சத்தைப் பிறகு கண்டுபிடித்தோம், அதுவும் தற்செயலாக. புதிதாக மனை பிரித்துப் போட்ட ஒரு காலி இடத்தில் முழங்கால் அளவுக்குக் குறைவாக மழைநீர் தேங்கியிருந்தது. அதில் பொரி உள்ளானும் பச்சைக்காலியும் மேய்ந்துகொண்டிருந்தன. நாங்கள் எட்டிப்பார்த்ததும் காவலாளி வந்து, இடம் வாங்க வந்தவர்களா என்று கேட்டார். பறவை பார்க்கிறோம் என்றதும் வெளியே போகச் சொல்லிவிட்டார். அங்கே எண்ணிக்கை அரைகுறை, ஆகவே அந்தப் பட்டியலை முழுமையற்றது என்றே குறித்தேன். இ-பேர்டில் 'அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எழுதினீர்களா' என்ற கேள்விக்குப் பலர் யோசிக்காமல் ஆம் போடுகிறார்கள். ஆம் போட்டால், பட்டியலில் இல்லாத பறவை அங்கே தென்படவில்லை என்று பொருள். இல்லாமையையும் தரவாக மாற்றும் கேள்வி அது. பூநாரையைப் படம் எடுத்துவிட்டு "பூநாரை" என்று ஒற்றை வரி போட்டு ஆம் சொல்கிறவர்களை நினைத்தால் எனக்குக் கோபம் வரும். காலடியில் கொசு உள்ளான் ஓடிக்கொண்டிருக்கும், பெரிய லென்ஸ் அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும்.

வயதையும் எழுதலாம்

கூதிர்காலப் பதிவுக்கு ஜனவரிப் பதிவில் கிடைக்காத ஒரு லாபம் உண்டு. உள்ளான்களில் பொதுவாகப் பெரியவை முதலில் கிளம்பிவிடும், அந்த வருஷக் குஞ்சுகள் சில வாரம் கழித்துத் தனியாக வரும். வழி காட்ட யாரும் இல்லாமல் சைபீரியாவிலிருந்து பெரும்பாக்கம்! ஆகஸ்டில் வரும் பொரி உள்ளானின் முதுகு தேய்ந்து, இறகோரங்கள் நைந்து பழைய வேட்டி மாதிரி இருக்கும். செப்டம்பரில் வரும் இளம்பறவையின் முதுகில் ஒவ்வொரு இறகுக்கும் வெளிர் ஓரப் புள்ளிகள் புத்தம்புதுசாக, இஸ்திரி போட்டதுபோல இருக்கும். நல்ல வெளிச்சத்தில், அருகில் நின்றால் பிரித்துவிடலாம். எத்தனையில் எத்தனை இளசு என்று எழுதிவைத்தால், அந்த வருஷம் வடக்கே குஞ்சு எப்படிப் பிழைத்தது என்பதற்கு ஒரு சின்னத் துப்பு கிடைக்கும். ஜனவரிக்குள் இறகு மாறி இந்த வித்தியாசம் மங்கிவிடுகிறது. எனக்கு இது எல்லாப் பறவையிலும் கைவரவில்லை. தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன், மற்றதை எண்ணிக்கையோடு விட்டுவிடுகிறேன்.

ஏரிக்கு வராத வலசையும் உண்டு. அக்டோபரில் தவறாமல் அடுக்குமாடிக் குழுவிலிருந்து ஒரு படம் வரும்: பால்கனியில், கார் நிறுத்துமிடத்தில், வால் இல்லாததுபோல் குட்டையாக, ஏழெட்டு நிறத்தில் ஒரு பறவை சுருண்டு உட்கார்ந்திருக்கும். ஆறுமணிக் குருவி. மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் முட்டையிட்டுவிட்டு இரவில் பறந்து தெற்கே வருகிறது. களைத்தும் விளக்கில் குழம்பியும் கண்ணாடியில் மோதி விழுகிறது. ஓர் அட்டைப்பெட்டியில் இருட்டாக, காற்றுப் புக வைத்து, தண்ணீர் ஊற்றாமல், படம் எடுக்காமல் சில மணிநேரம் விட்டால் பல சமயம் தேறிவிடும். இந்தப் படங்களையும் தேதியோடு நான் பதிவில் சேர்க்கிறேன். எங்கள் பகுதிக்கு ஆறுமணிக் குருவி வந்து சேரும் நாளைச் சொல்வது என் பைனாகுலர் அல்ல, குடியிருப்போர் நலச்சங்கம்தான்.

பறவை அல்லாதவை

பள்ளிக்கரணையைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரு பட்டியல் வரும்: பறவை 115, மீன் 46, ஊர்வன 21, பாலூட்டி 10, தவளை இனம் 10, பட்டாம்பூச்சி 7. ஏழு! என் வீட்டு மாடியில் கறிவேப்பிலைத் தொட்டியும் எருக்கஞ்செடியும் வைத்தால் ஏழு வரும். பறவை பார்க்கிறவர்கள் நிறையப் பேர் போனதால் பறவை எண் பெருத்தது, பட்டாம்பூச்சிக்கு ஆள் போகவில்லை. அந்த 7 ஏரியைப் பற்றிச் சொல்வதைவிட நம்மைப் பற்றி அதிகம் சொல்கிறது.

ஆகவே காலை நடையின் கடைசிக் கால்மணி நேரத்தைப் பறவை அல்லாதவற்றுக்கு ஒதுக்கினோம். அதில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது ஒரு தட்டான். ஐப்பசியில் மழைக்கு முந்தைய புழுக்கத்தில், கரையோரப் புல்லுக்கு மேலே பொன் மஞ்சளாக நூற்றுக்கணக்கில் மிதக்கும், உட்காரவே உட்காராது. சின்ன வயசில் வாலில் நூல் கட்டிவிட்ட அதே தட்டான்தான். மாலத்தீவில் வாழ்ந்த கடலுயிர் ஆய்வாளர் சார்லஸ் ஆண்டர்சன் அதைப் பற்றி 2009இல் எழுதினார். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாலத்தீவில் லட்சக்கணக்கில் இந்தத் தட்டான்கள் வந்திறங்குகின்றன. அங்கே நன்னீர்க் குளங்கள் கிட்டத்தட்டக் கிடையாது, ஆகவே அங்கே பிறந்திருக்க முடியாது. இந்தியாவிலிருந்து வடகிழக்குக் காற்றைப் பிடித்து வந்து, அங்கிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கடலைக் கடந்து போகின்றன என்பது அவர் முடிவு. நாலு தலைமுறையாகப் போய்த் திரும்பும் மொத்தச் சுற்று 14,000 முதல் 18,000 கிலோமீட்டர். நாம் நூல் கட்டிய பூச்சி! இதற்குத் தனியாக ஒரு கோடு போட்டு, வந்த நாள், காற்றின் திசை, எந்த உயரத்தில் என்று ஐ-நேச்சுரலிஸ்ட் என்ற உயிரினப் பதிவுத் தளத்தில் படத்தோடு சேர்க்கிறேன். பறக்கும் தட்டானைப் படம் எடுப்பது எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள், 40 எடுத்தால் ஒன்று தேறும்.

முதல் பெருமழை இரவு மட்டும் டார்ச்சோடு போவோம். பெரிய தவளைகளின் ஆண்கள் அன்று மஞ்சள் பூசிய மாதிரி பளீரென்று மாறி, தொண்டைப் பைகளை ஊதி மிரட்டிக்கொண்டிருக்கும். கரையோரம் தண்ணீர்ப் பாம்பு ஒன்று, அந்தக் கச்சேரிக்கே வந்திருப்பதுபோல. போனில் மூன்று நிமிஷம் ஒலிப்பதிவு செய்தோம். அதில் தவளை பாதி, அக்காவின் "ஐயோ தம்பி, கால் கிட்ட" பாதி.

நவம்பர் கடைசி

கார்த்திகை பிறந்த பிறகு ஏரி வேறு ஏரிதான். மதகில் ஒரே ஒரு படி தெரிந்தது, சேறு இல்லை, ஆகாயத்தாமரை காற்றுக்கு ஒருபக்கமாக ஒதுங்கிக் கிடந்தது. உள்ளான் பூஜ்யம் என்று எழுதினேன், படியையும் எழுதினேன். நாமக்கோழிகள் கறுப்பாகப் பரவியிருந்தன, முக்குளிப்பான்கள் நடுநடுவே முங்கின. மீசை ஆலாக்கள் நீரை உரசிக்கொண்டு போயின. தூரத்தில் தட்டைவாயன்கள் வட்டமாகச் சுற்றிக்கொண்டே நீரை வடிகட்டின.

இந்த முறை வெயிலுக்கு முதுகைக் காட்டி, மேற்குப் பார்த்து நின்றேன். நீலச்சிறகிகளை ஒவ்வொன்றாக, முகம் பார்த்து எண்ணினேன். புருவம், கண்கோடு, கன்னக்கோடு. புருவம், கண்கோடு, கன்னக்கோடு. 19ஆவது திரும்பியபோது முகம் வெறுமையாக இருந்தது. வால் பக்கத்தில் வெளிர்க் கீற்று. அது தலையைச் சிறகுக்குள் செருகித் தூங்கப் போவதற்குள் நாலு படம்.

நீலச்சிறகி 18, கிளுவை 1, படம் இணைக்கப்பட்டது, மதகில் ஒரு படி. மின்னஞ்சல் எதுவும் வரவில்லை.